கதையைத் துண்டு போடாதீர்கள்: தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்தை வகுக்கும் குழுவினருக்கும், பாடநூல் எழுதுவோருக்கும், அதற்குப் படம் வரைவோருக்கும் வணக்கம்.

நான் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. மூன்று, நான்கு, ஐந்து என்று மாறி மாறிப் பாடம் எடுத்து வருகிறேன். விண்ணியலிலோ உயிரியலிலோ பட்டம் பெற்றவள் அல்ல. காலையில் கணக்கு, மதியம் மொழிப்பாடம், நடுவில் அறிவியல் என்று எல்லாவற்றையும் எடுக்கும் வகுப்பாசிரியை. இந்த மடலை எழுதவைத்தது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி.

"டீச்சர், டைனோசர் இருந்தப்ப நிலா இருந்துச்சா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம், சிரித்தவர்களுக்குப் பதில் தெரியுமா என்று. கரும்பலகையில் ஏழு சொற்களை எழுதினேன்: மனிதர், மரம், சூரியன், பறவை, டைனோசர், மீன், நிலா. எது முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்று அவரவர் நோட்டில் வரிசையாக எழுதச் சொன்னேன். நோட்டுகளைத் திருப்பிப் பார்த்தபோது ஆளுக்கு ஒரு வரிசை. பலர் மரத்துக்குப் பிறகுதான் மீனைப் போட்டிருந்தார்கள். சிலர் சூரியனுக்கு முன்பே மனிதரை நிறுத்தியிருந்தார்கள். இவர்கள் எட்டுக் கோள்களையும் சூரியனிலிருந்து வரிசை தவறாமல் ஒப்பிப்பவர்கள். டைனோசர் பெயர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பேக்கிசெஃபலோசாரஸ் என்று ஒருவன் சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதினேன். பெயர் தெரிகிறது, இடம் தெரிகிறது. காலம்தான் தெரியவில்லை.

குறை பிள்ளைகளிடம் இல்லை. நாம் கொடுக்கும் விதம் அப்படி. கோள்களுக்கு ஓர் அத்தியாயம். பாறை, மண்ணுக்கு இன்னொன்று. தாவரம், விலங்கு வகைப்பாடு வேறொரு வகுப்பில். புதைபடிவம் ஒரு பெட்டிச் செய்தி. சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் கையில் கல்லோடு ஆதிமனிதர் திடீரென்று வந்து நிற்கிறார். எங்கிருந்து வந்தார் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய வகுப்புக்குப் போனால் இந்தத் துண்டுகள் நான்கு ஆசிரியர்களிடம் பிரிந்துபோகின்றன. இயற்பியல் ஆசிரியர் பெருவெடிப்பைச் சொல்வார், உயிரியல் ஆசிரியர் டார்வினைச் சொல்வார். இரண்டும் ஒரே கதையின் இரண்டு இடங்கள் என்று சொல்வது யார் வேலை? ஒருவர் வேலையும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை பத்து வயதைத் தாண்டுவதற்குள், ஒரே ஒரு தடவையாவது, பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து அந்த வகுப்பறை வரைக்கும் கதையை அறுபடாமல் சொல்லப் பாடத்திட்டத்தில் இடம் கொடுங்கள்.

"சின்னப் பிள்ளைகளுக்கு இது புரியாது" என்பீர்கள். ஆசிரியர்கள் கூடும் இடங்களில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் 'முதல்ல என்ன இருந்துச்சு?' என்று கேட்பது ஏழு வயதுப் பிள்ளைதான். பதினைந்து வயதில் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். இது என் கண்டுபிடிப்பும் அல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் இந்தியாவுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் உடனே திரும்ப முடியவில்லை. அந்த ஆண்டுகளில் கொஞ்ச காலம் கொடைக்கானலில் தங்கி, மகன் மரியோவோடு சேர்ந்து, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கல்விமுறை ஒன்றை வளர்த்தெடுத்தார். வீடு, தெரு, ஊர், நாடு என்று படிப்படியாக வெளியே போகும் வழக்கத்தை அது தலைகீழாக்கியது. முதலில் பிரபஞ்சம் முழுவதையும் கதையாகச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே வர வேண்டும். நம் பாடத்திட்டங்கள் இன்னும் வீட்டு வாசலிலேயே நிற்கின்றன.

சரி, எப்படிச் சொல்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். 46 மீட்டர் கயிறு ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டு என்று கணக்கு. அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் பத்து லட்சம் ஆண்டு, ஒரு மில்லிமீட்டர் ஒரு லட்சம் ஆண்டு. பூமியின் வயது சுமார் 454 கோடி என்பதால் 45 மீட்டர் 40 சென்டிமீட்டர் போதும். மிச்சம் முடிச்சுப் போட.

மைதானத்தில் கயிற்றை நீட்டிவிட்டு ஒரு முனையிலிருந்து எல்லோரும் நடக்கத் தொடங்குவோம். முதல் மீட்டரைத் தாண்டுவதற்குள் நிலா உண்டாகிவிடுகிறது. (அந்தச் சிறுமிக்குப் பதில் அங்கேயே கிடைத்தது. சூரியனும் பூமிக்குச் சற்று மூத்தது, ஏறத்தாழ 460 கோடி.) பத்து மீட்டர் போனால், அதாவது கடைசி முனைக்கு இன்னும் 35 மீட்டர் இருக்கும்போது, உயிர் இருந்ததற்கான அடையாளங்கள் வருகின்றன. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில், நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாகிப்போன படிவங்கள் கிடைத்திருக்கின்றன, சுமார் 350 கோடி ஆண்டுப் பழமை. பிள்ளைகள் உற்சாகமாகிவிடுவார்கள். அப்பாடா, உயிர் வந்துவிட்டது, அடுத்தது டைனோசர்!

அடுத்தது ஒன்றுமில்லை. நடக்கிறோம், நடக்கிறோம், நடந்துகொண்டே இருக்கிறோம். கயிற்றின் பாதியை நெருங்கியும் நுண்ணுயிர்தான். "இன்னும் ஒண்ணுமே வரலையா டீச்சர்?" என்று சலிப்போடு ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் நான் காத்திருப்பேன். முனைக்கு 24 மீட்டர் இருக்கும்போது ஒரு முடிச்சு: கண்ணுக்குத் தெரியாத சில பாக்டீரியாக்கள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து வெளியே தள்ளிய ஆக்சிஜன், காற்றில் சேரத் தொடங்கிய காலம். அங்கே எல்லோரையும் நிறுத்தி ஒரு மூச்சு இழுத்து விடச் சொல்வேன். பிறகு மறுபடியும் நடை.

கடைசி ஆறு மீட்டருக்குள்தான் கண்ணால் பார்க்கக்கூடிய விலங்குகள் பெருகுகின்றன. கடைசி முனையிலிருந்து அளந்தால், 5 மீட்டர் 20-க்கு அருகில் முதல் மீன்கள். 4 மீட்டர் 70-க்கு அருகில் தாவரங்கள் தரையில் ஏறுகின்றன, பாசியைப் போலக் குட்டையாக. 3 மீட்டர் 85-இல் மரம். மீன் மரத்தைவிட மூத்தது என்று தெரிந்ததும் நோட்டைத் திறந்து அடித்து எழுதுகிறார்கள். டைனோசர் 2 மீட்டர் 30-இல்தான் வருகிறது. பறவை ஒன்றரை மீட்டரில். பூ அதற்கும் பின்னால், 1 மீட்டர் 30-ஐ ஒட்டி. அதாவது டைனோசர்களின் காலத்தில் பாதிக்கு மேல் பூவே கிடையாது. 66 சென்டிமீட்டரில் பெரிய டைனோசர்களின் கதை முடிகிறது. அப்புறம் எல்லோரும் மண்டியிட்டுக் குனிய வேண்டும். நம் இனம், ஹோமோ சேப்பியன்ஸ், சுமார் மூன்று லட்சம் ஆண்டு: கடைசி மூன்று மில்லிமீட்டர். எழுத்து கண்டுபிடித்து ஐயாயிரம் ஆண்டு சொச்சம். அது ஒரு தலைமுடியின் தடிமன்.

கோடி என்றால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஏழு சுழி என்று பிள்ளைக்குத் தெரியும். அந்தச் சுழிகள் காலில் உறைப்பது இப்படி நடக்கும்போதுதான். எந்தப் படமும் எனக்கு இதைச் செய்து தந்ததில்லை, ஏனென்றால் புத்தகத்தின் காலக்கோட்டில் அந்த முப்பது மீட்டர் சலிப்பை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். இடம் போதாதாம். டைனோசருக்கு அரைப் பக்கம், நுண்ணுயிருக்கு ஒரு வரி.

பிரபஞ்சத்தையும் சேர்த்தால் கயிறு 138 மீட்டர் வேண்டும். அதனால் பூமியின் முனையில் நின்று எதிர்ப்பக்கம் கையைக் காட்டிச் சொல்வேன்: "அந்தச் சுவரையும் தாண்டி இன்னும் 92 மீட்டர் போகணும். அங்கேதான் தொடக்கம்." பிள்ளைகள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, ஒளி. இடி மின்னலை வைத்துத் தொடங்குவது சுலபம். மின்னல் தெரிந்து சில நொடி கழித்து இடி கேட்கிறது. காதுக்கு வருவது கொஞ்சம் பழைய செய்தி. ஒளியும் அப்படித்தான், மிக வேகமான தபால், நொடிக்குச் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர். சூரியனிலிருந்து வர 8 நிமிடம் 20 நொடி. இரவில் மிகப் பிரகாசமாகத் தெரியும் சிரியஸ் என்ற விண்மீன் 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. எட்டரை வயதுப் பிள்ளை இன்றிரவு அதைப் பார்த்தால், அந்தப் பிள்ளை பிறந்த சமயத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளிதான் இப்போது கண்ணுக்குள் நுழைகிறது. பதினொன்றரை வயதுக்குப் புரோசியான். இருபத்தைந்து வயது அக்கா இருந்தால் வேகா. எனக்கும் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் வயது தெரிந்துவிடும். தன் பிறந்தநாள் விண்மீனைத் தேடிப் பார்த்த பிள்ளைக்கு 'ஒளியாண்டு என்பது காலம் அல்ல, தூரம்' என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை.

நிலா இல்லாத, விளக்கு வெளிச்சம் இல்லாத இரவில் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலத்தை வெறும் கண்ணாலேயே மங்கலாகப் பார்க்கலாம். சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. கயிற்றில் இரண்டரை சென்டிமீட்டர். நம் இனம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு கிளம்பிய ஒளி. இங்கேதான் வானமும் கயிறும் ஒன்றோடொன்று சேர்கின்றன. கோள் ஓர் அத்தியாயம், புதைபடிவம் ஓர் அத்தியாயம் என்று பிரித்தால் சேராது.

இன்னொரு கண்ணி தண்ணீர். ஒரு குவளைத் தண்ணீரை மேசையில் வைத்து "இதுக்கு எத்தனை வயசு?" என்று கேட்பேன். காலையில் பிடித்தது என்பார்கள். மழை என்பார்கள். கடல் என்பார்கள். அந்தத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் கருக்கள் பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே உண்டானவை, 1380 கோடி ஆண்டுப் பழசு. ஆக்சிஜன் பிறகு விண்மீன்களுக்குள் சமைந்தது. நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் விண்மீன்களில் உருவாகி, அவை வெடித்தபோது சிதறியதுதான். இதைச் சொல்லும்போது சிசிலியா பெய்னைப் பற்றியும் சொல்லிவிடுவேன். 1925-இல், இருபத்தைந்து வயதில், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கணக்கிட்டுக் காட்டியவர். அக்காலத்துப் பெரிய விண்ணியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. தன் ஆய்வேட்டிலேயே, இந்த முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று பெய்ன் எழுத வேண்டி வந்தது. நான்கு ஆண்டு கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். "அப்ப அவங்க கிட்ட சாரி கேட்டாரா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். முன்னமே அவர் கண்டுபிடித்ததைத் தன் கட்டுரையில் குறிப்பிட்டார் என்றேன். "அது சாரி இல்லையே" என்றான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு கேள்வி கூடவே வரும்: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நம் பாடநூல்கள் இதற்கு இடமே தருவதில்லை. 'விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்' என்ற ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்பதையும் காட்ட முடியும். நூறு நாணயங்களை ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். தலை விழுந்தவற்றை எடுத்துவிடுங்கள். ஏறத்தாழ ஐம்பது மிஞ்சும். மறுபடி குலுக்கினால் இருபத்தைந்து சுமார். இப்போது ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, சில தடவை குலுக்கி, உள்ளே கூப்பிட்டு, மிச்சத்தை எண்ணச் சொல்லி, எத்தனை தடவை குலுக்கினோம் என்று கேளுங்கள். பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். பாறைக்குள் இருக்கும் யுரேனியம் இதே மாதிரிதான் காரீயமாக மாறுகிறது. அதன் ஒரு வகை பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு. இந்த வழியில்தான் 1956-இல் கிளேர் பேட்டர்சன், அரிசோனாவில் விழுந்த விண்கல் உட்படச் சில விண்கற்களின் காரீயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி என்று அறிவித்தார், ஏழு கோடி முன்பின்னாக. அளக்கப்போன இடமெல்லாம் வெளியிலிருந்து காரீயம் கலந்து அவருக்குத் தொல்லை கொடுத்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடியவர், பெட்ரோலில் காரீயம் சேர்ப்பதை எதிர்த்துப் பல ஆண்டு போராடினார். பூமியின் வயதைத் தேடிப்போனவர் நம் எல்லோருடைய மூச்சுக்காற்றையும் சுத்தமாக்க உதவினார். இது எந்தப் பாடநூலில் இருக்கிறது?

டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனின் கதையையும் மறக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கயிறு மறுபடியும் உதவுகிறது. மீன்கள் இந்த முடிச்சில் இருக்கின்றன, நான்கு கால் விலங்குகள் அந்த முடிச்சில் இருக்கின்றன. நடுவில் இரண்டும் கலந்த ஒன்று இருந்திருக்க வேண்டுமானால் எங்கே தேடுவீர்கள்? பிள்ளைகள் நடுவில் விரல் வைப்பார்கள். ஆய்வாளர்களும் அதைத்தான் செய்தார்கள். அந்த வயதுப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று பார்த்து, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். சில ஆண்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். 2004-இல் கிடைத்தது: செதிலும் துடுப்பும் உள்ள மீன், ஆனால் கழுத்து அசையும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பு. சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழசு. பிறகு 2010-இல், போலந்தில் அதைவிடப் பழைய, நான்கு கால் விலங்கின் காலடித் தடங்கள் கிடைத்ததாக வேறொரு குழு அறிவித்தது, கதை சிக்கலானது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன். முடிச்சை அவிழ்த்து நகர்த்திக் கட்டுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். முக்கியமாக, நம் மொழியில் எழுதும் புத்தகத்துக்கு.

'விலங்குகள் சூழலுக்கு ஏற்பத் தங்களைத் தகவமைத்துக்கொண்டன' என்று எழுதுகிறோம். இந்தக் 'கொண்டன' செய்யும் கெடுதலைக் கவனித்திருக்கிறீர்களா? சட்டையை மாட்டிக்கொண்டான், தலையை வாரிக்கொண்டாள் என்று சொல்லும் அதே 'கொள்'. ஒட்டகச்சிவிங்கி ஒருநாள் உட்கார்ந்து யோசித்து, சரி, நாளையிலிருந்து கழுத்தை நீட்டிக்கொள்வோம் என்று முடிவெடுத்ததாகத்தான் பிள்ளைக்குப் படுகிறது. என் வகுப்பில் ஒருவன், தானும் எக்கி எக்கி அலமாரியைத் தொட்டால் உயரமாகிவிடலாமா என்று கேட்டான். வாக்கியத்தை வேறு மாதிரி அமைத்தால் என்ன? 'கழுத்து கொஞ்சம் நீளமாகப் பிறந்தவற்றுக்கு அதிக இலை கிடைத்தது. அவை பிழைத்து அதிகக் குட்டி போட்டன. குட்டிகளும் தாயைப் போலவே இருந்தன. இப்படியே பல ஆயிரம் தலைமுறை.' நான்கு வாக்கியம். ஒரே வாக்கியத்தில் முடித்த பெருமை போய்விடும், ஆனால் விஷயம் சரியாக இருக்கும்.

'பரிணாம வளர்ச்சி' என்ற சொல்லும் அப்படித்தான். வளர்ச்சி என்றதும் கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டு மனதில் வந்துவிடுகிறது, உச்சிப்படியில் நாம். பரிணாமம் என்று நிறுத்தினாலே போதும். நுண்ணுயிர் இன்றும் இருக்கிறது, நம்மைவிட நன்றாகவே இருக்கிறது. அதோடு, குனிந்த குரங்கு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து மனிதராகும் அந்த ஊர்வலப் படத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சிம்பன்சி நமக்குப் பாட்டி அல்ல, தூரத்து உறவில் உடன்பிறப்பு முறை. இரு கிளைகளும் ஒரே முன்னோரிடமிருந்து சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. 'குரங்கிலிருந்து வந்தோம்னா இப்ப ஏன் குரங்கு இருக்கு?' என்ற கேள்வி பிள்ளையின் முட்டாள்தனம் அல்ல. அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் வர வேண்டிய கேள்விதான்.

பெருவெடிப்பு என்ற பெயரை மாற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன், காலம் கடந்துவிட்டது. அந்த ஆங்கிலப் பெயரை 1949-இல் வானொலியில் பேசும்போது முதலில் வைத்த ஃபிரெட் ஹாயில், அந்தக் கருத்தையே ஏற்காதவர். ஆனால் வெடிகுண்டு மாதிரிப் படம் வேண்டாம். வெளியே நின்று பார்க்க ஓர் இடமும், வெடிக்க ஒரு மையமும் இருந்ததுபோல அந்தப் படம் சொல்கிறது. இருந்ததெல்லாம் விரியத் தொடங்கியது என்று சொல்லலாம். பலூனில் காகிதப் பொட்டுகளை ஒட்டி ஊதிக் காட்டலாம். பேனாவால் புள்ளி வைத்தால் புள்ளியும் சேர்ந்து பெரிதாகிவிடும், அதனால் ஒட்டுவதுதான் நல்லது.

படம் வரைவோரிடம் ஒரு தனிப் புகார். ஸ்டெகோசாரஸும் டைரனோசாரஸும் ஒரே பக்கத்தில் சண்டை போடுகின்றன. முன்னது சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன், பின்னது 6.8 கோடிக்குப் பின். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, டைரனோசாரஸுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது. அவற்றை ஒன்றாக வரைவதைவிட, டைரனோசாரஸின் முதுகில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதாக வரைந்தால் காலக்கணக்கில் பிழை குறைவு! அப்புறம், எல்லா டைனோசரும் அழிந்தன என்று எழுதாதீர்கள். ஜன்னலில் வந்து உட்காரும் பறவை எங்கள் வகுப்பில் டைனோசர்தான்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கதையை எதிர்காலத்துக்கும் நீட்டி, சூரியன் கடைசியில் உப்பிப் பெரிதாகும், பூமி தாங்காது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு தாயார் வாசலில் நின்றிருந்தார். "என்ன டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? ராத்திரி முழுக்க தூங்கலை, அழுதுக்கிட்டே இருந்தான்." தவறு என்னுடையதுதான். கயிறு இல்லாமல் சொல்லியிருந்தேன். அன்று மதியம் கயிற்றின் முனையில் இன்னொரு கயிற்றைக் கட்டினேன், 50 மீட்டர், ஏனென்றால் சூரியனுக்கு இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு இருக்கிறது. அவனையே பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். எழுத்து தோன்றியதிலிருந்து இன்றுவரை ஒரு முடியின் தடிமன் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். பாதி தூரம் போனதும் திரும்பி வந்து, "போதும் டீச்சர்" என்றான். அச்சம் தரும் இடங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அளவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

வீட்டில் வேறு கதை சொல்கிறார்களே என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். எனக்கு இதில் பெரிய சங்கடம் வந்ததில்லை. உலகம் எப்படி வந்தது என்று ஒவ்வொரு மக்கள் கூட்டமும் ஒரு கதை வைத்திருக்கிறது, அவற்றைக் கேலி செய்யும் உரிமை எனக்கு இல்லை. அறிவியலின் கதைக்கு ஒரு விதி இருக்கிறது, புதிய சான்று வந்தால் திருத்தியே ஆக வேண்டும் என்று சொல்கிறேன். கெல்வின் பிரபு 1862-இல் பூமிக்கு 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் வயது இருக்கும் என்றார், தவறிப்போனது. விண்ணியலாளர் எட்வின் ஹப்பிள் 1929-இல் பிரபஞ்சம் விரியும் வேகத்துக்குக் கொடுத்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் பிரபஞ்சத்துக்கு வயது 200 கோடிதான் வந்தது, பாறைகளைவிட இளையதாக! திருத்தினார்கள். பெருவெடிப்புக்கு முன் என்ன, முதல் உயிர் எப்படி உண்டானது என்பவற்றுக்கு இன்றுவரை உறுதியான விடை யாரிடமும் இல்லை. 'இது இன்னும் யாருக்கும் தெரியாது' என்று நான் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிடவில்லை, தங்களுக்கும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்ற மகிழ்ச்சி அது.

இனி என் கோரிக்கைகள். மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில் இந்தக் கதைக்குத் தொடர்ச்சியாகச் சில வாரம் ஒதுக்குங்கள். புத்தகத்தில் மடித்து விரிக்கும் காலக்கோடு ஒன்றை உண்மையான அளவு விகிதத்தில் போடுங்கள், வெறும் நுண்ணுயிர் மட்டுமே இருந்த நீளத்தை வெறுமையாகவே விடுங்கள். பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களை உட்காரவைத்துத் திரையில் படம் காட்டுவதற்குப் பதிலாக வெளியே கூட்டிப்போய்க் கயிற்றோடு நடக்கவிடுங்கள். முக்கியமாக, இதைத் தேர்வில் கேட்காதீர்கள். 'டைனோசர்கள் ____ கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன' என்று கோடிட்ட இடம் ஒன்று வந்துவிட்டால், அடுத்த வாரமே அதற்கு உரைநூல் வந்துவிடும், பிள்ளைகள் ஆறு புள்ளி ஆறு என்று பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்வார்கள், கயிறு அலமாரிக்குள் போய்விடும்.

உங்கள் அடுத்த கூட்டத்தைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஆளுக்கு ஒரு தாள். மனிதர், மரம், சூரியன், பறவை, டைனோசர், மீன், நிலா என்ற ஏழையும் காலவரிசையில் எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்காமல். இந்த மடலை மறுபடி புரட்டவும் கூடாது.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை